மக்லீன் திருமலைக்கு வந்தவர்தான், ஆனால் அவர் எழுதிய கடல் வேறு

ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஆங்கிலப் போர் நாவலாசிரியர் அலிஸ்டயர் மக்லீன் இரண்டாம் உலகப் போரில் திருகோணமலையில் இருந்தவராமே, உண்மையா? கண்ணால் கண்டதைத்தான் எழுதினாரா? போருக்குப் போனவர்தான் நல்ல போர் நாவல் எழுதலாமா? அவரை எந்தப் புத்தகத்தில் தொடங்கி வாசிப்பது?"

முதல் கேள்விக்கு ஓம். 1945இல் அவர் வேலை செய்த றோயலிஸ்ட் என்ற குரூசர் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்), பிரித்தானியக் கிழக்கிந்தியக் கடற்படை அணியோடு சேர்ந்திருந்தது. அந்த அணியின் முக்கிய தளம் நம்முடைய திருமலைத் துறைமுகம். இரண்டாவது கேள்விக்குப் பாதி ஓம், பாதி இல்லை. மூன்றாவதுக்கு இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேர்பெற்ற நாவலை எழுதிய ஸ்டீபன் கிரேன், அந்தப் போர் முடிந்து 6 ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர். அதோடு மூன்றாவது கேள்வி முடிந்தது. இரண்டாவதைத்தான் கொஞ்சம் ஆறுதலாகப் பேச வேண்டும். அந்தப் பாதி எது என்று தெரிந்தால் மக்லீனை எப்படி வாசிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

அவர் 1922இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். தகப்பன் ஸ்கொட்லாந்துத் திருச்சபைப் போதகர். வளர்ந்தது வடக்கே, இன்வர்னெஸ் பக்கத்து மேட்டு நிலத்தில். பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் ஸ்கொட்லாந்தின் பழைய மொழியான கேலிக்தான். பின்னாளில் கோடிக்கணக்கான பிரதி விற்ற ஆங்கிலக் கதைக்காரருக்கு ஆங்கிலம் இரண்டாவது பாஷை. வீட்டில் ஒன்று, வகுப்பில் இன்னொன்று என்று வளர்ந்த நமக்கு இது புதினமான சங்கதி இல்லை, ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. அவருடைய வசனம் சில இடங்களில் பைபிள் வாசிப்பதுபோல நீண்டு உருள்வதற்கு, போதகர் வீட்டுப் பிள்ளை என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

தகப்பன் இறந்தபோது மக்லீனுக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பியது. 1941இல் கடற்படையில் சேர்ந்தார், அதிகாரியாக இல்லை, கீழ்த்தட்டு மாலுமியாக. முதலில் போர்ன்மவுத் குவீன் என்ற கப்பல். சமாதான காலத்தில் சனங்களை உல்லாசப் பயணம் ஏற்றிய துடுப்புச் சக்கரக் கப்பல் அது. விமான எதிர்ப்புப் பீரங்கியைப் பூட்டிப் போருக்கு அனுப்பிவிட்டார்கள். 1943இல் றோயலிஸ்ட். புதுக் கப்பல், ஏறக்குறைய 6,000 தொன், ஐந்தேகால் அங்குலப் பீரங்கிகள் 8. அதில் அவர் டோர்பிடோப் பிரிவில் இருந்தார். டோர்பிடோப் பிரிவென்றால் தண்ணீருக்கடியால் போய்க் கப்பலைத் தாக்கும் டோர்பிடோக் குண்டை விடுவது மட்டுமில்லை, அந்தக் கால ஆங்கிலக் கடற்படையில் கப்பலின் மின்சார வேலையிலும் பெரும்பங்கு அவர்கள் தலையில்தான். அவர் நாவல்களில் வயர், சுவிட்ச், மோட்டார் எல்லாம் இவ்வளவு நம்பும்படி வருவது அதனால்.

றோயலிஸ்ட் போன இடங்கள் மூன்று. முதலில் வடக்கே ஆர்க்டிக் கடல்: ரஷ்யாவுக்கு ஆயுதமும் உணவும் கொண்டுபோன கப்பல் தொடர்களுக்குக் காவல், 1944 ஏப்ரலில் நோர்வேயில் ஒளித்துக் கிடந்த ஜெர்மன் போர்க்கப்பல் திர்பிற்ஸ்மீது விமானத் தாக்குதல். அடுத்தது மத்தியதரைக்கடல், தென் பிரான்சில் தரையிறக்கம், பிறகு கிரேக்கத் தீவுகள். கடைசியாக 1945இல் எங்கள் பக்கம்.

திருகோணமலை அப்போது எப்படி இருந்தது? 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் வந்து சீனன்குடா விமானத்தளத்தையும் டொக்யார்டையும் அடித்துவிட்டுப் போயிருந்தன. அன்றைக்கே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே தாண்டது. துறைமுகத்துக்குள் எரிந்த சகாயிங் என்ற கப்பலை நமது காலத்தில், 2018இல்தான், இலங்கைக் கடற்படை மேலே எடுத்தது. சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்று பல நாள் எரிந்தது. ஊரில் பாதிச் சனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளுக்குப் போய்விட்டது. என் அம்மப்பா டொக்யார்டில் பிற்றர் வேலை செய்தவர். அந்த நாளைப் பற்றி அவர் சொன்னது இரண்டே இரண்டு வசனம். ஒன்று, புகை கறுப்பு. மற்றது, ஆட்டுக்குட்டியை அவிழ்க்க மறந்துபோய்த் திரும்பி ஓடினது. அதற்கு மேல் கேட்டால் வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார்.

1944 ஆகஸ்டில் நடந்த இன்னொன்றை மட்டும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். வாலியன்ற் என்ற பெரிய போர்க்கப்பலைத் தூக்கிவைத்துத் திருத்த மிதக்கும் டொக் ஒன்று துறைமுகத்தில் இருந்தது. கப்பலைத் தூக்கும்போதே அந்த டொக் முறிந்து தாண்டுபோனது. கப்பலும் நல்ல அடி வாங்கியது. "ஜப்பான்காரன் குண்டு போட்டும் போகாத மானம் அண்டைக்குப் போச்சு" என்பார்.

மக்லீன் வந்து சேர்ந்தது இதெல்லாம் முடிந்த பிறகு. பெரிய விமானந்தாங்கிகள் பசிபிக் பக்கம் போய்விட்டன. மிச்சமிருந்த சிறிய விமானந்தாங்கிகளின் அணிக்கு றோயலிஸ்ட்தான் தலைமைக் கப்பல். 1945 மே தொடக்கத்தில் ரங்கூனைப் பிடிக்கக் கடல்வழியாகப் பெரும் படை போனபோது இந்த அணியும் போனது. போய்ப் பார்த்தால் ஜப்பானியர் நகரத்தை விட்டு முன்னமே வெளியேறியிருந்தார்கள். ரங்கூன் சிறைச்சாலைக் கூரையில், ஜப்பான்காரர் போய்விட்டார்கள் என்று கைதிகள் பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மலாயா, சுமாத்திரா பக்கம் ரோந்து. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிங்கப்பூரில் சாங்கி சிறையிலிருந்து விடுபட்ட போர்க்கைதிகளை ஏற்றி அனுப்பும் வேலையிலும் றோயலிஸ்டுக்குப் பங்கு இருந்தது.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வடகடல் குளிரில் ஓடிய இரும்புக் கப்பல். மே மாதத்தில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கியபிறகு திருமலைத் துறைமுகத்தில் நிற்கிறது. உள்ளே ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆட்கள். இரவில் கீழ்த்தட்டில் படுக்கேலாது. மேல்தட்டில் பாயை விரித்துப் படுக்கிற 23 வயதுப் பெடியன் ஒருவன், ஒரு வருடத்துக்கு முன்னர் பீரங்கிக் குழாயில் பனிக்கட்டியைக் கோடரியால் கொத்தியவன். இது என் கற்பனைப் படம்தான், எந்த நூலிலும் வரவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து அவர் எழுத உட்கார்ந்தபோது கையில் வந்தது வெக்கை இல்லை, குளிர். நம் துறைமுகத்தைக் களமாக வைத்து அவர் ஒரு நாவலும் எழுதவில்லை. கொஞ்சம் மனவருத்தம்தான், என்ன செய்வது.

1946இல் கடற்படையிலிருந்து விடுபட்டு, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து, அந்த நகருக்குப் பக்கத்து ரதர்க்ளனில் பள்ளி ஆசிரியரானார். ஜெர்மன் பெண்ணைக் கலியாணம் செய்தார், எதிரி நாட்டுப் பெண் என்று அந்தக் காலத்தில் நாலுபேர் கதைத்திருப்பார்கள். சம்பளம் போதவில்லை. 1954இல் கிளாஸ்கோ ஹெரல்ட் பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டிக்கு ஒரு கடல் கதையை அனுப்பி முதல் பரிசு 100 பவுண் வாங்கினார். அதைப் பார்த்து கொலின்ஸ் பதிப்பகத்திலிருந்து ஆள் தேடி வந்து ஒரு நாவல் கேட்டது. பத்து வாரத்தில் எழுதிக் கொடுத்தார். 1955இல் வந்த அந்த நாவல்தான் எச்.எம்.எஸ். யூலிசிஸ். ஆறு மாதத்தில் கெட்டி அட்டைப் பதிப்பே இரண்டரை லட்சம் விற்றது.

இப்போது அந்தப் பாதிக்கு வருவோம்.

யூலிசிஸ் என்ற குரூசர் ஒரு கப்பல் தொடருக்குக் காவலாக ரஷ்யாவின் மர்மன்ஸ்க்குக்குப் போகிறது. கப்பலின் உருவம் ஏறக்குறைய றோயலிஸ்ட். சம்பவங்களின் எலும்புக்கூடு 1942 ஜூலையில் நடந்த பி.கியூ. 17 தொடரை நினைவூட்டும். லண்டனில் மேசைக்கு முன்னால் இருந்த தளபதி, திர்பிற்ஸ் வருகிறது என்று பயந்து, காவல் கப்பல்களைத் திருப்பி அழைத்து, சரக்குக் கப்பல்களைச் சிதறி ஓடச் சொன்னார். திர்பிற்ஸ் அந்த நேரம் நோர்வேயில் நங்கூரமிட்டுத்தான் கிடந்தது. தொடரில் புறப்பட்ட 35 சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை ஜெர்மானிய விமானங்களும் நீர்மூழ்கிகளும் பிடித்துத் தாழ்த்தின. மக்லீன் அந்தத் தொடரில் இல்லை. அவர் றோயலிஸ்டுக்கு வந்தது அடுத்த வருடம். ஆக, சம்பவம் அவருடையது இல்லை.

அவருடையது எது? நித்திரை இல்லாமை. விரலில் தோல் இரும்போடு ஒட்டிக் கிழிவது. கப்பலின் மேல்பகுதியில் பனி ஏறி ஏறிப் பாரம் கூடிக் கவிழப் பார்ப்பது. கடலுக்குள் விழுந்தவன் சில நிமிடத்துக்கு மேல் தாங்கமாட்டான் என்று தெரிந்ததால், விழுந்தவனுக்காகக் கப்பலை நிறுத்தாமல் போவது. நாலு மணித்தியாலம் காவல், நாலு மணித்தியாலம் ஓய்வு என்று கடதாசியில் இருக்கும். ஓய்வு வரும்போது அபாய மணி அடிக்கும். இந்த இடங்களில் மக்லீன் அலங்காரம் செய்வதில்லை. தெரிந்தவன் பேசுகிற அவசரம் வசனத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் அவருடையது: கோபம். நாவலின் முதல் அத்தியாயத்தில் எதிரி வருவதே இல்லை. லண்டனிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, கப்பல் ஆட்கள் கலகம் செய்தார்களாம் என்று விசாரிக்கிறார். கப்பல் வைத்தியர் அவருக்கு முகத்துக்கு நேரே சொல்கிறார், இவர்கள் கோழைகள் இல்லை, களைத்துப்போனவர்கள் என்று. தண்டனையாக அதே கப்பலை மறுபடியும் வடக்கே அனுப்புகிறார்கள். மாலுமியின் வெறுப்பு ஜெர்மன்காரன்மேல் இருப்பதைவிட, சூடான அறையில் கோப்பைப் புரட்டும் ஆள்மேல்தான் அதிகம். கடற்படையை இழிவுபடுத்திவிட்டார் என்று பழைய அதிகாரிகள் சிலர் குறைப்பட்டதும் இதனால்தான். கீழ்த்தட்டில் இருந்தவன் மட்டுமே இவ்வளவு நிச்சயமாக இந்த அத்தியாயத்தை எழுதுவான் என்று எனக்குப் படுகிறது.

முடிவைச் சொல்லமாட்டேன். ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். எண்ணெய்க் கப்பல் ஒன்று தீப்பிடித்து எரிகிறது. இருட்டில் அந்த வெளிச்சம் முழுத் தொடரையும் எதிரிக்குக் காட்டிக் கொடுக்கும். ஆகவே டோர்பிடோ விட்டு அதை மூழ்கடிக்கக் கட்டளை வருகிறது. விடவேண்டியவன் றல்ஸ்டன் என்ற மாலுமி. ஏற்கெனவே வீட்டாரைக் குண்டுவீச்சில் பறிகொடுத்தவன். கட்டளையை நிறைவேற்றுகிறான். அந்தக் கப்பலின் கப்டன் அவனுடைய தகப்பன் என்று பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிகிறது. இப்படி ஒன்று நடந்திருக்குமா என்று கேட்டால், கொஞ்சம் மிகைதான். நான் இதை முதலில் வாசித்தது ஊரடங்கு நாளொன்றில், குப்பி விளக்கில், வயது பதினேழோ பதினெட்டோ. அன்றைக்கு மிகை என்று தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, ஆனாலும் டோர்பிடோக் குழாயின் கைப்பிடியை அவன் பிடிக்கிற விதத்தில் மட்டும் பொய் இல்லை. எழுதினவர் அதே பிரிவில் வேலை செய்த ஆள்.

குறையையும் சொல்லவேண்டும். அந்த நாவலில் நல்லவர்கள் எல்லாரும் தேவர்கள். காசநோயோடு இருமி இருமிக் கப்பல் முழுக்க நடந்து ஆட்களைத் தேற்றும் கப்டன் ஒரு அர்ச்சிஷ்டவர் மாதிரி. கெட்டவன் முழுக்கக் கெட்டவன். அடிக்கு மேல் அடி விழுந்துகொண்டே இருப்பதால் ஒரு கட்டத்தில் வாசிப்பவனுக்கே மரத்துப்போகும்.

அடுத்தது 1957இல் வந்த த கன்ஸ் ஒவ் நவரோன். கிரேக்கத் தீவொன்றில் ஜெர்மானியரின் இரண்டு இராட்சதப் பீரங்கிகள், அவற்றைத் தகர்க்கப் போகும் சிறு குழு. நவரோன் என்று ஒரு தீவு அங்கே கிடையாது, பீரங்கியும் கற்பனை. ஆனால் றோயலிஸ்ட் சுற்றிய கடல் அது. 1943இல் அந்தத் தீவுகளில் பிரித்தானியர் வாங்கிய அடியும் மெய்யானது. 1961இல் படமாக வந்து உலகம் முழுக்க ஓடியது. இதில் களைப்பு குறைந்து கதை வேகம் கூடுகிறது. ருசியாக இருக்கும், ஆனால் இங்கேயே அவர் மாலுமி என்பதிலிருந்து கதைசொல்லி என்பதற்கு நகர்ந்துவிட்டார்.

மூன்றாவது, 1958இல் வந்த சவுத் பை ஜாவா ஹெட், நம்முடைய பக்கத்துக் கடல். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த இரவு, தப்பி ஓடும் கப்பல், தாதிமார், ஒரு குழந்தை, இரகசியத் திட்டம், பிறகு உயிர்காப்புப் படகில் தண்ணீரில்லாத நாட்கள். திருமலையிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர் எழுதியதாயிற்றே என்று ஆசையோடு எடுத்தேன். தாகம் வருகிற பக்கங்கள் நன்று. மற்றதெல்லாம் சினிமா. ஜப்பானியர் ஒருவரிலும் மனிதர் இல்லை, கடதாசியில் வெட்டின உருவங்கள். காரணம் லேசானது: 1942இல் அவர் இங்கே இல்லை. அவர் வந்த 1945இல் எதிரி பெரும்பாலும் போய்விட்டிருந்தான். ஆர்க்டிக்கில் அவருக்கு உடம்பு சாட்சி சொன்னது, இங்கே சொல்லவில்லை.

அப்புறம் ஒரு விஷயம், இதைத்தான் அதிகம் யோசித்திருக்கிறேன். பிற்காலத்தில் மக்லீன், தன்னை ஜப்பானியர் பிடித்துச் சித்திரவதை செய்ததாகச் சொல்லித் திரிந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மகனும் வாழ்க்கை வரலாறு எழுதியவரும் மறுத்திருக்கிறார்கள். குடிவெறியில் வந்த கதை. குடி அவரை நெடுநாள் தின்றது. ஆர்க்டிக் கடலுக்கு மெய்யாகவே போய்வந்த மனிதனுக்கு எதற்கு இரவல் காயம்? என் எண்ணம் இது. குளிரும் காத்திருப்பும் பயமும் ஒரு கதையாகச் சொல்ல வராது. விருந்தில் யாராவது "போரில் உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் "நித்திரை வரவில்லை" என்று சொல்லேலாது. சாங்கியிலிருந்து எலும்பும் தோலுமாக வந்த ஆட்களை அவருடைய கப்பல் ஏற்றியிருக்கிறது. அவர்களுடைய கதை எங்கேயோ அவருடையதோடு கலந்துவிட்டிருக்கலாம். நம் ஊரிலும் இரண்டு வகை ஆட்களையும் கண்டிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் நடந்ததைத் தன் வீட்டில் நடந்ததாகச் சொல்பவர் உண்டு, தன் வீட்டில் நடந்ததை ஒருநாளும் வாய் திறவாதவரும் உண்டு. முந்தினவரை நான் பொய்யர் என்று சொல்லப் பயப்படுவேன்.

மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரிக்குப் பயந்து சுவிற்சர்லாந்தில் குடியேறினார். 1963க்குப் பிறகு சில வருடம் எழுத்தை விட்டு இங்கிலாந்தில் ஹோட்டல் நடத்திப் பார்த்தார், சரிவரவில்லை. திரும்பி வந்து வெயார் ஈகிள்ஸ் டெயார் கதையைப் படத்துக்கும் நாவலுக்கும் சேர்த்து எழுதினார். எழுபதுகளுக்குப் பிறகு வந்தவற்றில் பலது ஒரே அச்சில் வார்த்தவை. தன்னை நாவலாசிரியர் என்று சொல்லாமல் கதைசொல்லி என்றே சொல்லிக்கொண்டார். 1987 பெப்ரவரியில் மியூனிக்கில் இறந்தார். அடக்கம் செய்தது சுவிற்சர்லாந்தில், செலினி என்ற கிராமத்தில். வெயார் ஈகிள்ஸ் டெயார் படத்தில் நடித்த ரிச்சர்ட் பேர்ட்டனின் கல்லறையும் அதே இடத்தில்தான். ஆர்க்டிக் மாலுமிகளுக்கென்று தனிப் பதக்கத்தை 2013இல்தான் பிரித்தானியா வழங்கத் தொடங்கியது. அவர் போய் 26 வருடம்.

றோயலிஸ்ட் 1956இல் நியூசிலாந்துக் கடற்படைக்கு இரவல் போனது. அடுத்த வருடம் ஆங்கிலேயர் நம் டொக்யார்டைக் கையளித்துவிட்டுப் போனார்கள். அம்மப்பாவுக்கு வேலையும் போனது. அந்தக் கதை வேறு.

தம்பி, யூலிசிஸில் தொடங்குங்கள். பிறகு நவரோன், பிறகு ஜாவா ஹெட், இந்த ஒழுங்கில். மூன்றையும் அடுத்தடுத்து வாசித்தால் எந்தப் பக்கத்தில் மாலுமி பேசுகிறார், எந்தப் பக்கத்தில் வியாபாரி பேசுகிறார் என்று நீங்களே பென்சிலால் கோடு போட்டுவிடுவீர்கள். அதற்குப் பிறகு விருப்பமென்றால் மற்றவை, இல்லாவிட்டாலும் நட்டமில்லை. உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இருக்கிற போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒருக்கால் போய்வாருங்கள். கல்லில் வயதைப் பாருங்கள், 19, 20, 22 என்று கிடக்கும்.

என்னிடம் யூலிசிஸ் ஒரு பிரதி இருக்கிறது, அட்டை போய்விட்டது, புயல் வருகிற அத்தியாயத்தில் கறையான் அரித்திருக்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போகலாம். கச்சான் காலத்தில், கரண்ட் போன மத்தியானம் பார்த்து அந்த அத்தியாயத்தை வாசியுங்கள். வேர்வை வழிய வழியக் கால் விறைக்கும்.